‘மற்றவை’க்கு ஒதுக்கிய அரை அங்குலம்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை ஆறரை மணிக்குத் தென்படுகிறவர்களில் பாதிப் பேர் நடப்பதற்காக வருகிறவர்கள். மீதிப் பேர் நடந்தோம் என்று பேர் பண்ணிவிட்டு வெளியே நிற்கும் தள்ளுவண்டியில் மூலிகை சூப் குடிக்க வருகிறவர்கள். நான் இரண்டாவது வகை. அப்படி நின்றிருந்த ஒரு காலையில்தான் அந்தக் கல்லூரிப் பையன் வந்தான். கையில் அட்டை, அட்டையில் கிளிப் போட்ட ஒரு கட்டுப் படிவம், காதில் பேனா. சூப் வண்டிக்காரம்மாவிடம் கேட்டான்: “அக்கா, ஏரிப் பூங்கா வந்த பிறகு உங்க வாழ்க்கைத் தரம் மிகவும் மேம்பட்டுள்ளதா, மேம்பட்டுள்ளதா, மாற்றமில்லையா, குறைந்துள்ளதா, மிகவும் குறைந்துள்ளதா?”

ஐந்தையும் அவன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அந்தம்மா சூப்பை ஆற்றிக்கொண்டே, “மழை வந்தா எங்க தெருவுக்குத் தண்ணி எந்தப் பக்கமா வருதுன்னு அதுல எதுனா கேட்டிருக்கா தம்பி?” என்றார்.

“அந்தக் கேள்வி இதுல இல்லக்கா.”

“அப்ப நீயே எதுனா ஒண்ணு போட்டுக்க.”

‘மேம்பட்டுள்ளது’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. படிவத்தின் அடியில் ‘மற்றவை’ என்று போட்டு அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது. அரை அங்குலம் இருக்கும். ‘தண்ணி’ என்று எழுதலாம். ‘எந்தப் பக்கமா வருது’ என்று எழுத இடம் போதாது.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சனிக்கிழமைக்குள் நூற்றிருபது படிவம் முடிக்க வேண்டுமாம். கேள்விகளை எழுதியது அவனில்லை. எழுதியவரும் இந்தக் கரைக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியவராகத் தெரியவில்லை. முடிவுகளின் அத்தியாயம் எப்படி இருக்கும் என்பது ஓரளவு இப்போதே தெரியும். ‘பெரும்பாலானோர் மேம்பாட்டை உணர்ந்துள்ளனர்.’ அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது என்ன? கேட்டவனுக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், இந்தப் பதிலால் எதுவும் ஆகப் போவதில்லை என்று. தெரியாததுபோல இரண்டு பேரும் நடந்துகொண்டார்கள். இதற்கு ஆய்வுலகில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் பிறந்த இடம் ஆஸ்பத்திரி வார்டு.

1960களின் தொடக்கத்தில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்து மருத்துவமனைகளில் இறந்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து கவனித்தார்கள். மருத்துவர், நர்ஸ், நோயாளி, குடும்பம் என்று யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். கையில் முன்கூட்டியே எழுதிய கோட்பாடு கிடையாது. குறிப்புகளை அடுக்கிப் பார்த்தபோது நான்கு நிலைமைகள் துலங்கின. நோயாளிக்கு மட்டும் எதுவும் தெரியாத நிலை ஒன்று. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்ட நிலை ஒன்று. எல்லோரும் மனம்விட்டுப் பேசும் நிலை ஒன்று. இவற்றுக்கு இடையே விசித்திரமான இன்னொன்று: நோயாளிக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும், ஆனால் இரு தரப்பும் தெரியாததுபோலவே பேசிக்கொள்ளும். இருதரப்புப் பாசாங்கு என்று அதைச் சொல்லலாம். “டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று நம் வீடுகளில் கெஞ்சுகிற மகனும், மகனுக்காகவே தனக்கு ஒன்றுமில்லை என்று சிரிக்கிற அப்பாவும் நமக்குப் புதியவர்களா? 1965இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. அதை எப்படிச் செய்தோம் என்று விளக்கி 1967இல் இருவரும் எழுதிய நூலிலிருந்துதான் கிரவுண்டட் தியரி என்ற முறை உலகத்துக்குத் தெரிந்தது. தரவில் ஊன்றி எழும் கோட்பாடு என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். கருதுகோளை எழுதிவைத்துக்கொண்டு அதற்குச் சாட்சி தேடிப் போகக் கூடாது. போய்ப் பார், கேள், எழுது. எழுதியதை வரி வரியாகப் படித்து, இங்கே என்னதான் நடக்கிறது, இந்த மனிதரை வாட்டுவது எது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வை. பெயரை முடிந்தவரை அவர்கள் வாய்ச்சொல்லிலிருந்தே எடு. ஏரியைப் பற்றிப் பேசும் பழைய ஆயக்கட்டுக்காரர் ‘கலங்கல்’ என்பார், ‘மதகு’ என்பார். ‘உபரிநீர் வெளியேற்றக் கட்டமைப்பு’ என்று நம் படிவம் கேட்டால் அவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். சொல் மாறும்போது அதோடு அவர் அறிவும் நழுவிவிடுகிறது. பிறகு ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுக்கொண்டே இரு. ஒப்பிடும்போது ஏதாவது உறுத்தினால் அது உன்னை எங்கே அனுப்புகிறதோ அங்கே போ. சூப் வண்டிக்காரம்மா தண்ணீர் வரும் திசையைச் சொன்னால் அடுத்துப் பார்க்க வேண்டியவர் பட்டியலில் இருக்கும் நூற்றுப் பதினெட்டாவது நபரில்லை. அவர் தெருக்கோடியில் வீடு உள்ளவர். புதிதாக ஒன்றும் கிடைக்காமல் போகும் வரைக்கும் இப்படியே போ. நூற்றிருபதில் நிறுத்துவதா, இருபத்திரண்டில் நிறுத்துவதா என்பதைத் தரவுதான் சொல்லும், சனிக்கிழமை சொல்லாது.

இது அமெரிக்காவிலிருந்து வந்த ஞானம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இலக்கியத்தைப் பார்த்துத்தான் இலக்கணம் எழுத வேண்டும் என்பது நம் தமிழாசிரியர்கள் எட்டாம் வகுப்பிலேயே சொல்லித் தந்த பாடம். எள்ளிலிருந்து எண்ணெய் என்று உவமையும் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது தொல்காப்பியரின் புறனடை. பல இயல்களின் முடிவில், இதுவரை சொன்ன விதிக்குள் அடங்காமல் வழக்கில் வேறு ஏதாவது வந்தால் அதையும் ஏற்றுக்கொள் என்று ஒரு நூற்பாவை அவர் வைத்துவிடுகிறார். ‘மற்றவை’க்கு அவர் ஒதுக்கியது ஒரு முழு நூற்பா. நாம் ஒதுக்குவது அரை அங்குலம். எண்ணெய் டின்னைக் கடையில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான எள்ளைத் தேடி ஊர் ஊராகப் போகிறோம்.

இங்கே ஒரு தடங்கல் வரும். திறந்த மனம் என்றால் வெற்று மனமா? எதுவும் படிக்காமல் போய் நிற்பதா? இந்தக் கேள்வியில் அந்த இரட்டையரே பின்னால் பிரிந்தார்கள். ஸ்ட்ராஸ் 1990இல் ஜூலியட் கார்பினோடு சேர்ந்து படிப்படியான செய்முறை நூல் ஒன்றை எழுதினார். அது தரவின் கழுத்தைப் பிடித்து இழுக்கிற வேலை என்று 1992இல் கிளேசர் பதில் நூலே எழுதினார். பிற்காலத்தில் சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ், ஆய்வாளரும் அந்தக் களத்தில் ஓர் ஆள்தான், தன் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு யாராலும் பார்க்க முடியாது என்றார். சண்டையின் நுணுக்கங்கள் பேராசிரியர்களுக்கு. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: தெரிந்ததை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பார்ப்பது அதற்கு மாறாக இருந்தால் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

அப்படி விட்டுக்கொடுத்தவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே, ராம்புரா என்று தான் பெயர் வைத்த ஊரில் போய்த் தங்கினார். நான்கு வருணம், உச்சியில் பிராமணர் என்று ஏடுகள் சாதியைப் பற்றிச் சொல்லும். ஊரில் அவர் பார்த்தது வேறு. நிலமும் ஆள்பலமும் ஒக்கலிகர்களிடம் இருந்தன. வழக்குத் தீர்க்க மற்ற சாதியாரும் அவர்களிடம்தான் போனார்கள். ஏட்டுக்காக ஊரை வளைக்காமல் ஊருக்காக ஏட்டை ஓரம் வைத்தார். ‘ஆதிக்க சாதி’ என்று இன்று டீக்கடைவரை புழங்கும் சொல் அப்படி வந்ததுதான். ஏட்டுப் பார்வை வேறு, களப் பார்வை வேறு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்ததில், தொகுத்து வைத்திருந்த குறிப்புகளின் மூன்று படிகளும் கருகின. மானிடவியலாளர் சோல் டாக்ஸ் தூண்ட, நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதினார். 1976இல் நூல் வந்தது. அவர் கொண்டுபோனது வெறும் டிக் அடித்த படிவங்களாக இருந்திருந்தால், எரிந்த பிறகு நினைவில் என்ன மிஞ்சியிருக்கும்?

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, விவரம் சேகரித்துவரச் சொன்னார். அவரிடமும் கேள்விப்பட்டியல் இருந்தது. ஆனால் கேட்டவன் அந்த மண்ணின் பிள்ளை. பட்டியலில் இல்லாததும் அவன் காதில் விழும். 1918இல் அது நூலானது. அதில் வரும் ஊர்களில் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்கு 1930களில் ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்ற ஆய்வாளர்கள் போனார்கள். ஒவ்வொரு முறையும் பழைய பட்டியலை மட்டும் கொண்டுபோயிருந்தால், விவசாயக் கூலியை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் குறைந்துபோன, பண்ணையார் வீட்டுச் சொல்லுக்குப் பழைய கனம் இல்லாத ஊர் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணலாம். ஆவடிப் பக்கம் அப்படி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்ட ஊர் இது. சமுதாயம் எந்த மாதிரி ஆகியிருக்கிறது என்று விசாரிக்கும் வேலை மட்டும் நிலுவை.

எங்கே கேட்க ஆரம்பிக்கிறோம் என்பதே பாதிப் பதிலைத் தீர்மானித்துவிடுகிறது. கூவம் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று, சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் பொறுப்பில், 604 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிடப்பட்டது. அதன் கணக்கில் ஆறு தொடங்குவது நம் பருத்திப்பட்டுத் தடுப்பணையில், முடிவது முகத்துவாரத்தில், சுமார் 32 கிலோமீட்டர். ஆறு உண்மையில் அங்கேயா பிறக்கிறது? மேலே திருவள்ளூர்ப் பக்கத்து வயல்களுக்கு அது பாசன ஆறு. வேலைக்கு எல்லை வேண்டும், கோடு போட்டது தப்பில்லை. கோட்டுக்கு மேல் பக்கம் இருப்பவரிடம் எதுவும் கேட்கவில்லை என்பதை மறந்துவிட்டு ‘கூவத்தைப் பற்றி மக்கள் கருத்து’ என்று தலைப்பிடும்போதுதான் தப்பு. ஏரிக்கும் அதே கதை. சுமார் 87 ஏக்கர் ஏரி, 28 கோடி ரூபாய் செலவு, 2019இல் பசுமைப் பூங்கா. நடைபாதையில் நடப்பவர்களைக் கேட்டால் மேம்பட்டது என்றுதான் வரும், ஏனென்றால் பிடிக்காதவர் அங்கே நடக்கவே வரமாட்டார். கழிவுநீர் கலக்கிறது, மீன் செத்து மிதக்கிறது என்று நாளிதழ்களில் பின்னால் செய்தி வந்தது. அந்தச் செய்திக்குள் இருக்கும் மனிதர்கள் காலை ஆறரை மணிப் படிவத்தில் இல்லை.

இனி, யார் மேல் பாரம்? ஒருவர் மேல் ஏற்றினால் இறங்காது.

முதலில் கல்லூரிகள். ஆய்வுச் சுருக்கத்தில் நோக்கம் ஐந்து, கருதுகோள் ஐந்து, முந்தைய ஆய்வு நாற்பது பக்கம் என்று கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு திறந்த மனத்தோடு போ என்று மாணவனிடம் சொல்வது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதுதான். “சார், நான் பூங்காவைப் பற்றிக் கேட்கப் போனேன், அவங்க தண்ணியைப் பற்றியே பேசுறாங்க” என்று திரும்பி வருகிற மாணவனுக்கு, ‘அப்ப தலைப்பை மாத்திக்கலாம்பா’ என்று சொல்லும் நெறியாளர் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பல்கலைக்கழக விதி இடம் தர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதென்றால் இதையாவது செய்யலாம்: களத்துக்குப் போவதற்கு முந்தின நாள், என்ன கிடைக்கும் என்று தான் நினைப்பதை மாணவன் ஒரு தாளில் எழுதி, மடித்து, நெறியாளரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். திரும்பி வந்ததும் பிரித்துப் பார்க்கட்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அவன் போகவேயில்லை என்று அர்த்தம். உடம்பு மட்டும் போய்விட்டு வந்திருக்கிறது.

அடுத்து நகராட்சி நிர்வாகம். நான் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பேசவில்லை. படிவங்கள் ஆட்சி மாறினாலும் மாறுவதில்லை. நகர்ப்புறங்களில் பகுதி சபைக்கு 2022இல் விதி வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பல ஊர்களில் முதல்முறையாகக் கூட்டம் நடந்தது. கிராமசபை என்றால் ஆண்டுக்கு ஆறு முறை என்று ஆகிவிட்டது. நகரத்தானுக்கு இது புதிய வாசல். ஆனால் கூட்டத்துக்கு முன்பே தட்டச்சு செய்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவதென்றால் அதுவும் டிக் அடிப்பதுதான். பேசினவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே ஒருவர் எழுதட்டும். ‘சாக்கடை மூடி ஒடஞ்சு ஆறு மாசமாச்சு’ என்பதை ‘உள்கட்டமைப்புக் குறைபாடு’ என்று மாற்றாமல் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் போன கூட்டக் குறிப்பைப் படித்துக் காட்டட்டும். எதை ஒட்டி எது வந்தது என்று யாராவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இதற்கு வெளியூர் ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. ஒரு நோட்டு, நல்ல காது உள்ள ஒரு குமாஸ்தா போதும்.

குடியிருக்கும் நாமும் தப்பிக்க முடியாது. கணக்கெடுக்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி, ‘எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு’ என்று அனுப்பிவிடுவது நம் வழக்கம். ஏதாவது உதவித்தொகை வரும் என்று நினைத்தால் அதே வாய் இல்லாத கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லும். இரண்டுமே பொய்த் தரவு. பாசாங்குக்கு இரண்டு தரப்பு வேண்டும். நாம் ஒரு தரப்பு. கேள்வி தப்பாக இருந்தால் தப்பு என்று சொல்லும் உரிமை பதில் சொல்கிறவருக்கு உண்டு. சூப் வண்டிக்காரம்மா அதைத்தான் செய்தார், ஒரே ஒரு தடவை. இரண்டாவது தடவை சொல்ல அவருக்கு நேரமில்லை, வரிசையில் நான் நின்றிருந்தேன்.

எங்களைப் போல எழுதுகிறவர்களையும் விட்டுவைக்க வேண்டாம். தலைப்பை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவதில் பத்திரிகைக்காரனை மிஞ்ச முடியாது. ‘ஏரி உடைஞ்சா உங்களுக்குப் பயமா இருக்காதா?’ என்று கேட்டு, ‘இருக்கும்’ என்று வாங்கி, ‘அச்சத்தில் பொதுமக்கள்’ என்று போட்டவர்கள் நாங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பணம் ஏது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஓர் ஊருக்கு எத்தனை குழாய், எத்தனை விளக்கு என்று எண்ணத்தான் வேண்டும். அதற்குப் படிவம்தான் சரி. எண்ணுவதற்கு முன்பு எதை எண்ணுவது என்று தெரிய வேண்டுமே, அங்கேதான் இந்த முறைக்கு வேலை. எண்ணிக்கைக்கு எதிரானவரில்லை கிளேசர். கொலம்பியாவில் புள்ளிவிவரப் பயிற்சி பெற்று வந்தவர், எண்ணும் அவருக்குத் தரவுதான். நூற்றிருபது படிவத்துக்கு முன்னால் பத்துப் பேரிடம் அரை மணி நேரம் சும்மா பேசினால் படிவமே வேறாக இருந்திருக்கும். செலவு, பத்து டம்ளர் சூப்.

பையன் போன பிறகு நான் அந்தம்மாவிடம் கேட்டேன். எனக்கும் ஒரு தாள் மடித்து வைத்தது போல மனசுக்குள் பதில் இருந்தது. டிசம்பர் 2015 பெருவெள்ளம், 2023இல் மிக்ஜாம் புயல் மழை, நிரம்பிய ஏரி, உபரிநீர், ஆக்கிரமிப்பு என்று பாதிக் கட்டுரை தயார். “ஏரித் தண்ணிதானேம்மா உங்க தெருவுக்கு வருது?”

“ஏரித் தண்ணி எங்க வரைக்கும் வந்ததே இல்ல சார். ரோட்டுத் தண்ணிதான். ஒவ்வொரு தபா ரோடு போடும்போதும் பழசு மேலயே போட்டுட்டுப் போயிடறாங்க.”

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதிய உத்தரவு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்:

“நான் கல்யாணமாகி வந்தப்ப மூணு படி ஏறித்தான் வீட்டுக்குள்ள போவோம். இப்ப ஒரு படி இறங்கணும்.”